ஆர்7-ஆ, ஆர்6 மார்க் 2-ஆ: சின்னச் சென்சாரில் 32 மெகாபிக்சல், பெரிய சென்சாரில் 24

கேனன் ஆர்7 வாங்கலாமா, இன்னும் கொஞ்சம் பணம் போட்டு ஆர்6 மார்க் 2-க்குப் போய்விடலாமா? கேமரா மாற்ற நினைக்கிறவர்களில் பலர் இந்த இடத்தில் வந்துதான் மாட்டிக்கொள்கிறார்கள். கையில் பழைய 1500டி-யோ 200டி-யோ இருக்கும், கூடவே இரண்டு லென்ஸும் இருக்கும். ஏழு ஆறைவிடப் பெரியது, 32 மெகாபிக்சல் 24-ஐவிடப் பெரியது, ஆனால் விலை மட்டும் தலைகீழாக இருக்கிறதே என்று குழம்புவார்கள். கடையில் கேட்டால் "அது ஃபுல் ஃப்ரேம் சார்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அதாவது ஆர்6 மார்க் 2-இல் வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சென்சார் பழைய 35 மிமீ ஃபிலிம் அளவுக்குப் பெரியது. ஆர்7-இல் இருப்பது அதைவிடச் சின்னது, அதைத்தான் க்ராப் சென்சார் என்பார்கள்.

இரண்டும் 2022-இல் வந்தவை. டிஜிக் எக்ஸ் பிராசஸர், டூயல் பிக்சல் ஆட்டோஃபோகஸ், கண்ணையும் பறவையையும் வண்டியையும் தேடிப் பிடிக்கும் திறன், எல்பி-இ6என்எச் பேட்டரி, இரண்டு எஸ்டி கார்டு, பாடிக்குள்ளேயே ஸ்டெபிலைசேஷன் என்று பெரும்பாலான விஷயங்களில் இரண்டும் அண்ணன் தம்பி. அமெரிக்காவில் அறிமுக விலை பாடிக்கு மட்டும் 1499 டாலர், 2499 டாலர். இரண்டுக்கும் நடுவே உள்ள முக்கியமான வித்தியாசம் சென்சார்தான். அதனால் சென்சாரை மட்டும் எடுத்துவைத்துப் பேசினாலே முடிவு பாதிக்கு மேல் தெளிந்துவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

பார்க்க வேண்டியவை நான்கு. நீங்கள் எடுக்கும் பொருள் சென்சாரில் எத்தனை பிக்சல் அகலத்துக்கு விழுகிறது. அந்தப் படத்துக்கு மொத்தம் எவ்வளவு வெளிச்சம் கிடைக்கிறது. சென்சார் தன்மேல் விழுந்ததை மேலிருந்து கீழ்வரை படித்து முடிக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது. கடைசியாக, அந்தச் சென்சாருக்கு ஏற்ற லென்ஸையும் சேர்த்தால் மொத்தச் செலவும் தோளில் ஏறும் எடையும் எவ்வளவு.

இந்த நான்குக்கும் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது. நீங்கள் எடுக்கும் பொருளால் ஃப்ரேமை நிரப்ப முடிகிறதா, இல்லை எடுத்த பிறகு வெட்டித்தான் பெரிதாக்குகிறீர்களா? பெரிய சென்சாரின் பலன் முழுக்க இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது.

| | ஆர்7 | ஆர்6 மார்க் 2 |
|---|---|---|
| சென்சார் அளவு | 22.3 × 14.8 மிமீ | 35.9 × 23.9 மிமீ |
| பரப்பளவு | சுமார் 330 சதுர மிமீ | சுமார் 858 சதுர மிமீ |
| படத்தின் பிக்சல் அளவு | 6960 × 4640 | 6000 × 4000 |
| ஒரு பிக்சலின் அகலம் | சுமார் 3.2 மைக்ரான் | சுமார் 6 மைக்ரான் |
| சாதாரண ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) உச்சம் | 32,000 | 1,02,400 |
| ஃபோகஸ் பிடிக்கும் இருட்டின் எல்லை (எண் கீழே போகப் போக இருட்டு அதிகம்) | –5 இவி | –6.5 இவி |
| சென்சாரைப் படிக்கும் நேரம், எலக்ட்ரானிக் ஷட்டரில் | ஏறத்தாழ 30 மில்லி செகண்டு | ஏறத்தாழ 15 மில்லி செகண்டு |
| நொடிக்கு வேகம், மெக்கானிக்கல் / எலக்ட்ரானிக் ஷட்டரில் | 15 / 30 ஃப்ரேம் | 12 / 40 ஃப்ரேம் |
| எடை, பேட்டரி கார்டுடன் | 612 கிராம் | 670 கிராம் |

## ஃப்ரேம் நிரம்பும்போது: மண்டபத்து வெளிச்சம்

பரப்பளவை வகுத்துப் பாருங்கள், 2.6 மடங்கு வரும். ஒரே காட்சியை, லென்ஸின் திறப்பை ஒரே எஃப் 2.8-இல் வைத்து (எண் சின்னது என்றால் திறப்பு பெரிது), ஒரே ஷட்டர் வேகத்தில் இரண்டு கேமராவிலும் ஃப்ரேம் நிறைய எடுத்தால், ஆர்6 மார்க் 2-இன் சென்சார் 2.6 மடங்கு ஒளித்துகள்களை வாங்கிக்கொள்கிறது. ஸ்டாப் கணக்கில் (வெளிச்சம் இரட்டிப்பானால் ஒரு ஸ்டாப்) கிட்டத்தட்ட 1.4.

இது ஏன் முக்கியம்? இருட்டில் எடுத்த படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் நாய்ஸின் பெரும்பங்கு கேமராவின் கோளாறு அல்ல. ஒளியே ஒழுங்காக வருவதில்லை. தூறல் விழும்போது முற்றத்துத் தரையில் ஒரு கல் நனைந்திருக்கும், பக்கத்துக் கல் காய்ந்திருக்கும். பெருமழை என்றால் எல்லாம் ஒரே மாதிரி நனைந்துவிடும். ஒளியும் அப்படித்தான். ஒரு புள்ளிக்குச் சராசரியாக 100 ஒளித்துகள் வந்தால் அதில் 10 கூடவோ குறையவோ இருப்பது சகஜம், அதாவது பத்துச் சதவீதத் தடுமாற்றம். 10,000 வந்தால் தடுமாற்றம் 100, வெறும் ஒரு சதவீதம். அதிகம் வாங்குகிற சென்சாரில் படம் வழுவழுப்பாக வருவதற்குக் காரணம் இதுதான்.

"பெரிய பிக்சல், அதனால் நாய்ஸ் குறைவு" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஒவ்வொரு பிக்சலையும் தனித்தனியாகப் பெரிதாக்கிப் பார்த்தால் அது சரி. ஆனால் இரண்டு படத்தையும் ஒரே அளவில் பிரிண்ட் போட்டால் கணக்கில் வருவது சென்சாரின் மொத்தப் பரப்பளவுதான். 24 மெகாபிக்சல் என்பதால் ஆர்6 மார்க் 2 இருட்டில் ஜெயிக்கவில்லை, இடம் பெரியது என்பதால் ஜெயிக்கிறது.

கல்யாண மண்டபத்தில் இதை நன்றாகப் பார்க்கலாம். விடியாத நேரத்து முகூர்த்தம், ஹோமப் புகை, மேடைக்குப் பின்னால் கண்ணைப் பறிக்கும் எல்இடி வால். மாப்பிள்ளை தாலி கட்டக் குனிகிறார், பெண்ணின் முகத்தில் பாதி நிழல். எஃப் 2.8, 1/200 என்று வைத்தால் ஐஎஸ்ஓ 6400-க்கு ஏறிவிடுகிறது. ஆர்6 மார்க் 2-இல் அந்த 6400-இல் தெரியும் நாய்ஸ், ஏறக்குறைய ஆர்7-இல் 2500-இல் தெரியும் நாய்ஸுக்குச் சமம். ஆர்7-இலும் 6400-இல் எடுக்கலாம், படம் கெட்டுப்போகாது. ஆனால் பிறகு நிழலைத் தூக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். மாநிற முகத்தின் நிழல் பக்கமும், அரக்குப் பட்டின் மடிப்புகளும், கொண்டையின் கருப்பும் முதலில் புள்ளி புள்ளியாகும். ஜரிகை பளிச்சென்று இருக்கும், அதற்குப் பக்கத்திலேயே பட்டின் நெசவு கலங்கிப்போயிருக்கும்.

சரி, ஆல்பத்துக்கு மெகாபிக்சல் போதுமா? நம் ஊரில் வழக்கமான 12 × 36 ஷீட்டில் ஒரு பக்கம் 12 × 18 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தால் 3600 × 5400, அதாவது 19 மெகாபிக்சல் சொச்சம். 24 தாராளம். ஒரே படத்தை இரண்டு பக்கத்துக்கும் விரித்தால் இரண்டு கேமராவுமே 300-ஐ எட்டாது, யாரும் அதைக் கவனிக்கவும் மாட்டார்கள்.

இரண்டு விஷயங்கள் இந்த வித்தியாசத்தைக் குறைக்கும். ஒன்று ஃபிளாஷ். கூரையில் அடித்துத் தெறிக்கவிட்டு எடுக்கப் பழகியவருக்கு ஐஎஸ்ஓ 800, 1600-இலேயே வேலை முடிகிறது. அங்கே இரண்டு சென்சாருக்கும் நடுவே உள்ள தூரம் ஆல்பத்தில் தெரிவதே இல்லை. இன்னொன்று 2023-இலிருந்து லைட்ரூமில் இருக்கும் ஏஐ டீநாய்ஸ். ஆர்7-இன் 6400 படங்களை அது நம்ப முடியாத அளவுக்குச் சுத்தம் செய்கிறது. ஆனால் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் ஒவ்வொரு படத்துக்கும் காத்திருக்க வேண்டும். ஒரு கல்யாணத்துக்கு ஆயிரக்கணக்கில் படம் எடுப்பவர் கேமராவில் மிச்சப்படுத்தியதைக் கம்ப்யூட்டர் கடையில் கொடுத்துவிடுவார்.

## ஃப்ரேம் நிரம்பாதபோது: தூரத்து மீன்கொத்தி

இப்போது வேடந்தாங்கலுக்கு வருவோம். ஏரிக்கரையில் நடந்தபடிதான் பார்க்க முடியும். தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டியிருக்கும், இன்னும் பக்கத்தில் போக வழியில்லை. எட்டும் வரைதான் லென்ஸ், மிச்சத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டும். இங்கே மேலே சொன்ன 2.6 மடங்கு மாயமாகிவிடுகிறது. ஒரே லென்ஸ், ஒரே இடத்தில் நின்று எடுத்தால் பறவையின் உருவம் இரண்டு சென்சாரிலும் ஒரே மில்லிமீட்டர் அளவில்தான் விழும். பெரிய சென்சாரின் கூடுதல் இடத்தில் விழுவது வெறும் தண்ணீரும் வானமும். அதை எப்படியும் வெட்டிப் போடப் போகிறீர்கள்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். தலை முதல் வால்வரை 28 செமீ நீளமுள்ள கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று 25 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. 400 மிமீ லென்ஸில் அதன் உருவம் சென்சாரில் சுமார் 4.5 மிமீ நீளத்துக்கு விழும். ஆர்7-இல் அது 1400 பிக்சல். ஆர்6 மார்க் 2-இல் 750. கண்ணின் ஓரத்து மினுப்பும் கழுத்து இறகின் கோடுகளும் 750-இல் சுருங்கி ஒன்றோடொன்று ஒட்டிவிடும். ஆர்6 மார்க் 2-ஐ 1.6 மடங்கு க்ராப்பில் வைத்தால் மிஞ்சுவது 9.3 மெகாபிக்சல்தான்.

ஆனால் 1400 பிக்சல் கிடைத்ததால் விவரமும் அதே அளவு கூடிவிடும் என்று நம்ப வேண்டாம். ஆர்எஃப் 100-400 லென்ஸ் 400-இல் எஃப் 8. விளிம்பு விளைவால், அதாவது சின்னத் திறப்பு வழியே போகும் ஒளி விரிவதால், ஒரு ஒளிப்புள்ளி அந்த எஃப் 8-இல் ஏறத்தாழ 10.7 மைக்ரான் அகலத்துக்குப் பரவுகிறது. ஆர்7-இல் அது மூன்று பிக்சலுக்கு மேல். ஷார்ப்னெஸ் கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கும். இவ்வளவு நெருக்கமான பிக்சல்கள் கை நடுக்கத்தையும் கோடை வெயிலில் தண்ணீர்மேல் அலையும் அனலையும் அப்படியே காட்டிக்கொடுக்கும். பத்து மணிக்கு மேல் எடுத்தால் எந்தச் சென்சாரும் காப்பாற்றாது.

"அப்படியென்றால் ஃபுல் ஃப்ரேமில் நீளமான லென்ஸ் போட்டால்?" நியாயமான கேள்வி. ஆர்எஃப் 800 மிமீ எஃப் 11 என்று ஒன்று இருக்கிறது. எஃப் 11 என்றதும் பலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் 800-ஐ 11-ஆல் வகுத்தால் லென்ஸின் ஒளித்துளை 73 மிமீ அகலம். 400-ஐ 8-ஆல் வகுத்தால் 50 மிமீ. பறவையிலிருந்து வரும் வெளிச்சத்தை அந்த 800 இரண்டு மடங்குக்கும் சற்றே அதிகமாகச் சேகரிக்கிறது.

| அதே மீன்கொத்தி, 25 மீட்டரில் | ஆர்7 + 100-400 | ஆர்6 மார்க் 2 + 100-400 | ஆர்6 மார்க் 2 + 800 எஃப் 11 |
|---|---|---|---|
| பறவையின் நீளம், பிக்சலில் | 1400 | 750 | 1500 |
| பறவையிலிருந்து வரும் வெளிச்சம் | 1 | 1 | 2.1 |
| எடை | 1247 கிராம் | 1305 கிராம் | 1930 கிராம் |
| அறிமுக விலை, டாலரில் | 2148 | 3148 | 3398 |

அட்டவணையில் ஆர்6 மார்க் 2-ஓடு 100-400 போட்ட நடுப் பத்தியைப் பாருங்கள். கூட ஆயிரம் டாலர் கொடுத்து, பறவையில் பாதி பிக்சலை இழந்து, வெளிச்சத்திலும் ஒன்றும் கிடைக்காத ஏற்பாடு. பறவைக்காக ஃபுல் ஃப்ரேமுக்கு மாறி "எதிர்பார்த்த மாதிரி இல்லையே" என்பவர்களில் நிறையப் பேர் அந்தப் பத்தியில்தான் இருக்கிறார்கள். கடைசிப் பத்தி படத்தரத்தில் முந்துகிறது, ஆனால் அந்த லென்ஸில் ஜூம் கிடையாது, ஆறு மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது. தலைக்கு மேலே தாழப் பறந்துவரும் நாரையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கூந்தன்குளம் போல ஊருக்குள் மரங்களிலேயே கூடு கட்டும் இடங்களில் 800 பல நேரம் பைக்குள்ளேயே இருக்கும். அங்கே 100-400-இலேயே ஃப்ரேம் நிரம்பும், ஆர்6 மார்க் 2-இன் பலனும் அங்கே திரும்பி வந்துவிடும்.

## படிக்கும் வேகம்

ஆர்7-இன் 30 ஃப்ரேம் வேகத்தை விளம்பரத்தில் பெரிதாகப் போடுவார்கள். அதைப் பெற, திரை எதுவும் அசையாமல் சென்சாரே படித்து எடுக்கும் எலக்ட்ரானிக் ஷட்டருக்குப் போக வேண்டும், அங்கேதான் இந்தச் சென்சாரின் பலவீனம் இருக்கிறது. மேல் வரிசையைப் படித்துவிட்டுக் கடைசி வரிசைக்கு வர 30 மில்லி செகண்டு ஆகிறது. கிரிக்கெட் மட்டையின் நுனி நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் சுழல்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த நேரத்துக்குள் அது 75 செமீ நகர்ந்திருக்கும். படத்தில் மட்டை வில்லாக வளைந்து நிற்கும். ஒரே இடத்தில் நின்று சிறகடிக்கும் மீன்கொத்தியின் இறக்கையும் அப்படியே. ஆர்6 மார்க் 2-இல் இந்த வளைவு பாதி. முழுக்கப் போகாது, ஆனால் பெரும்பாலான படங்களைத் தூக்கிப்போட வேண்டியிராது.

மண்டபத்தில் இது வேறு ரூபத்தில் வரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கித் தெளியும். 30 மில்லி செகண்டில் மூன்று முறை, ஆக எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்த படத்தின் குறுக்கே மூன்று பட்டைகள் விழலாம். ஆர்6 மார்க் 2-இல் ஒன்றோ இரண்டோ. இரண்டிலும் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி ஆன்டி-ஃப்ளிக்கர் போட்டுவிடுவதுதான் வழி. ஆர்7-இல் மெக்கானிக்கல் 15 ஃப்ரேம் என்பதே ஏராளம், பறவைக்கும் அதையே பழகிக்கொள்வது நல்லது. சத்தம் கொஞ்சம் அதிகம்தான். சுருக்காத ரா ஃபைலில் 30 ஃப்ரேம் வைத்தால் இரண்டு நொடிக்குள் பஃபர் (கேமராவின் தற்காலிக நினைவகம்) நிறைந்து கேமரா திணறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீடியோ பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஆர்7-இன் 4கே 30, முழு அகலத்தில் 7கே-யிலிருந்து சுருக்கி எடுப்பது, அருமையாக இருக்கும். 4கே 60 என்றால் வரிசைகளை விட்டுவிட்டுப் படிக்கும், இல்லையென்றால் ஓரங்களை வெட்டும். ஆர்6 மார்க் 2 முழு அகலத்தில், 6கே-யிலிருந்து சுருக்கி, 4கே 60 தருகிறது. ஸ்லோமோஷன் இல்லாமல் கல்யாண வீடியோ இல்லை என்றாகிவிட்ட காலத்தில் வீடியோ எடுப்பவருக்கு வேறு யோசனை தேவையில்லை.

## பில்லில் தெரியாத செலவு

பழைய 55-250 போன்ற ஈஎஃப்-எஸ் (க்ராப் சென்சாருக்கான) லென்ஸ்களை வைத்திருப்பவர் கவனிக்க வேண்டும். அடாப்டர் போட்டால் ஆர்7-இல் அவை முழுதாக வேலை செய்யும். ஆர்6 மார்க் 2-இலும் மாட்டலாம், ஆனால் கேமரா தானாக க்ராப்புக்குப் போய்விடும். பெரிய சென்சாருக்குக் கொடுத்த காசில் 9.3 மெகாபிக்சல் படம் எடுப்பீர்கள். ஆக ஃபுல் ஃப்ரேமுக்குப் போகிறவர் லென்ஸையும் மாற்றத் தயாராக இருக்க வேண்டும். செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் ஈஎஃப் ஃபுல் ஃப்ரேம் லென்ஸ்கள் இங்கே பெரிய உதவி. அடாப்டரோடு அவை இரண்டு பாடியிலும் தயக்கமில்லாமல் ஃபோகஸ் செய்கின்றன.

ஆர்7 பக்கம் 2024-இலிருந்து ஒரு நல்ல மாற்றம். சிக்மாவும் டாம்ரானும் ஆர்எஃப் மவுண்டுக்கு க்ராப் லென்ஸ் விற்கத் தொடங்கின. சிக்மா 18-50 எஃப் 2.8 சுமார் 300 கிராம்தான். பாடியோடு சேர்த்தும் ஒரு கிலோ வராது. அதற்கு நிகராக ஃபுல் ஃப்ரேமில் 24-70 எஃப் 2.8 வாங்க வேண்டும் என்று நினைத்து மலைப்பவர்களுக்கு ஒரு ஆறுதல். க்ராப்பில் 18-50 எஃப் 2.8 என்பது ஃபுல் ஃப்ரேமில் 29-80 எஃப் 4.5 போலத்தான் நடந்துகொள்ளும், பின்னணி மங்கலிலும் சரி, நாய்ஸிலும் சரி. ஆகவே ஆர்6 மார்க் 2-இல் 24-105 எஃப் 4 போதும், கொஞ்சம் மிஞ்சக்கூடச் செய்யும். அந்த லென்ஸ் 700 கிராம் என்பதை மட்டும் தோள் ஞாபகம் வைத்திருக்கும்.

## யாருக்கு எது

பறவை, காட்டுயிர், மைதானத்துக்கு வெளியே நின்று எடுக்கும் விளையாட்டு, மெயின் லென்ஸ் 400-க்கு மேல் போகாத பட்ஜெட்: ஆர்7. பயணத்துக்கு இலகுவாக ஒரு செட் வேண்டும் என்பவருக்கும் இதுவே.

காசு வாங்கிக்கொண்டு கல்யாணம், கச்சேரி, நாடகம், கோயில் விழா எடுப்பவர், வீடியோவும் சேர்த்துச் செய்பவர்: ஆர்6 மார்க் 2, தயங்காமல். பணம் இல்லையென்றால் ஆர்7-ஐயும் ஒரு நல்ல ஃபிளாஷையும் வாங்கித் தொழிலை ஆரம்பிக்கலாம், அதில் கேவலம் ஒன்றும் இல்லை.

வீட்டுக் குழந்தைகள், பிறந்தநாள், ஊர்ப் படங்கள் எடுப்பவருக்கு ஆர்7-ஓடு 50 எஃப் 1.8 போதும். 80 மிமீ எஃப் 2.9 லென்ஸ் போன்ற தோற்றம் வரும், முகங்களுக்கு அழகான தூரம். ஆயிரம் டாலர் வித்தியாசத்தை இங்கே நியாயப்படுத்த எனக்கு வழி தெரியவில்லை.

இன்னும் முடிவு வரவில்லையா? இப்போது வைத்திருக்கும் கேமராவில் கடந்த ஒரு வருடம் எடுத்ததில் உங்களுக்குப் பிடித்த படங்களை மட்டும் ஒரு ஃபோல்டரில் போட்டு, ஒவ்வொன்றின் ஃபோக்கல் லெங்த், ஐஎஸ்ஓ, எவ்வளவு வெட்டினீர்கள் என்ற மூன்றையும் பாருங்கள். லென்ஸின் கடைசி எல்லையில் எடுத்து, பாதிக்கு மேல் வெட்டியவை அதிகம் என்றால் ஆர்7. வெட்டாமல், ஐஎஸ்ஓ 3200-க்கு மேல் எடுத்தவை அதிகம் என்றால் ஆர்6 மார்க் 2. இரண்டும் இல்லை, ஐஎஸ்ஓ 400-இல் முழு ஃப்ரேமாகவே இருக்கின்றன என்றால் கேமராவை அப்படியே வைத்துக்கொண்டு நல்ல லென்ஸ் ஒன்று வாங்குங்கள்.

கடைக்குப் போகும்போது சொந்த எஸ்டி கார்டை எடுத்துப் போங்கள். வெளிச்சம் குறைந்த மூலையில் இரண்டு பாடியிலும் ஒரே அப்பர்ச்சர், ஒரே ஷட்டர், ஐஎஸ்ஓ 6400, ரா ஃபைலில் நான்கைந்து படம் எடுங்கள். வீட்டில் பார்க்கும்போது நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டாம், 32 மெகாபிக்சல் படம் அங்கே இன்னும் அதிகமாகப் பெரிதாகித் தேவையில்லாமல் கெட்ட பெயர் வாங்கும். இரண்டையும் ஒரே அகலத்துக்குச் சுருக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.